பழைய பாலிஷைச் சுரண்டாமலே மர அலமாரியின் நிறத்தை ஆழமாக்க முடியுமா?

“பழைய பாலிஷை முழுக்கச் சுரண்டி எடுத்தாத்தான் சார் புது கலர் நிக்கும்.”

வீட்டிலுள்ள மர அலமாரியைக் கொஞ்சம் அடர்நிறமாக்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் முதலில் வரும் பதில் இதுதான். அடுத்து என்னென்ன வரும் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். நாலைந்து நாள் மரத்தூள், மூக்கைத் துளைக்கும் ரிமூவர் வாசனை, பாத்திரங்களெல்லாம் கூடத்தில், சமையல் திண்ணையில். கூலிக் கணக்கைப் பார்த்துவிட்டு, “போகட்டும், தேன் கலரே இருந்துட்டுப் போகட்டும்” என்று விட்டுவிடுபவர்கள் ஒரு பக்கம். கடையில் ஒரு டப்பா ஸ்டெய்னர் வாங்கிவந்து பழைய பாலிஷ் மேலேயே பூசி, அது ஒரு வாரமாகியும் காயாமல் பிசுபிசுப்பதைப் பார்த்து நொந்துபோகிறவர்கள் மறு பக்கம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலான வீட்டு அலமாரிகளைச் சுரண்டாமலே ஒன்றிரண்டு சாயல் ஆழமாக்க முடியும். ஆனால் சாயம் எங்கே போய் உட்காரும் என்பது புரியாமல் தூரிகையைக் கையில் எடுக்கக் கூடாது. அதைப் புரிந்துகொள்ள விருத்தாசலம் வரை போய்வரலாம்.

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிலையம் அங்கே இருக்கிறது. பொம்மை, அகல்விளக்கு, மின்சாரத்துக்கான பீங்கான் சாமான் என்று செய்துதரும் சூளைகளும் இருக்கின்றன. அந்தத் தொழிலில் இருப்பவர் யாரிடமாவது, ‘கிளேஸ் போட்டுச் சுட்டு முடித்த தட்டில் சாயத்தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்?’ என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். வழிந்து தரைக்குப் போய்விடும், அவ்வளவுதான். கிளேஸ் போடாமல் முதல் சூடு மட்டும் கண்ட உருப்படி ஒன்று உண்டு. தொழிலில் ‘பிஸ்கட்’ என்பார்கள். அதில் ஊற்றினால் உறிஞ்சிக்கொள்ளும். அதன் உடம்பெல்லாம் நுண்துளை. கிளேஸ் என்பது அந்தத் துளைகளை மூடிய கண்ணாடி.

மரமும் பாலிஷும் இதே கதைதான். பச்சை மரம் பிஸ்கட் மாதிரி, ஸ்டெய்னரைக் குடிக்கும். பாலிஷ் ஏறிய மரம் கிளேஸ் போட்ட தட்டு, குடிக்காது. கடையில் விற்கும் சாதாரண ஸ்டெய்னர் மரத்துக்குள் இறங்குவதற்காகத் தண்ணீர்போல் செய்யப்பட்டது. உள்ளே போக வழியில்லாதபோது பாலிஷ் மேல் திட்டுத்திட்டாக நிற்கும், துடைத்தால் வந்துவிடும். ஆகவே பாலிஷ்காரர் சொல்வதில் பாதி சரி. அந்த ஸ்டெய்னர் நிற்க வேண்டுமென்றால் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

மீதிப் பாதியையும் பீங்கான்காரர்தான் சொல்ல வேண்டும். சுட்டு முடித்த கிளேஸ் மேலும் அவர்கள் நிறம் வைக்கிறார்கள். டீ கப்பின் விளிம்பில் ஓடும் தங்கக்கோடு, தட்டின் நடுவில் இருக்கும் ரோஜாப்பூ இவற்றில் பல அப்படி வந்தவை. அதற்கான சாயம் வேறு. உறிஞ்சப்படுவதை நம்பி இருக்கும் சாயமல்ல அது. கிளேஸ் மேலேயே படிந்து, 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய இரண்டாம் சூட்டில் அதோடு ஒட்டிக்கொள்ளும் சாயம். தட்டை உடைத்து மறுபடி மண்ணாக்கி யாரும் பூ வரைவதில்லை. அதே தங்கக்கோடுதான் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து முதலில் போவதும். மேலே பாதுகாப்பு எதுவும் இல்லாததால். கிளேஸுக்கு அடியில் இருக்கும் நிறம் தட்டு இருக்கும்வரை இருக்கும்.

அலமாரிக்கு வேண்டிய முழுப் பாடமும் இதில் இருக்கிறது. மரத்தில் இறங்கும் சாயம் வேண்டாம்; பாலிஷ் மேல் படலமாக ஒட்டும் சாயம் வேண்டும். அது ஒட்டுவதற்குப் பழைய பாலிஷைத் தயார் செய்ய வேண்டும். ஒட்டியபின் அதன் மேல் நிறமற்ற காப்புப் பூச்சு வேண்டும்.

முதலில், அது மரம்தானா?

கேட்கவே வேண்டாத கேள்விபோலத் தோன்றும். ஆனால் கடந்த இருபது வருடத்தில் வந்த சமையலறைக் கப்போர்டுகளில் பெரும்பகுதி மர ரேகை அச்சடித்த லேமினேட்; நம் பேச்சில் மைக்கா. அது பிளாஸ்டிக் பிசினில் ஊறிய காகிதம். இங்கே சொல்லும் எதுவும் அதற்குப் பொருந்தாது. கதவின் ஓரத்தைப் பாருங்கள்: முகப்பின் ரேகை விளிம்பிலும் தொடர்ந்து மடிந்து போனால் கட்டை மரம், ஓரத்தில் தனியாக ஒரு பட்டை ஒட்டியிருந்தால் பிளைவுட்டோ பலகையோ. ஒரே மாதிரி ரேகை அச்சுப்பிசகாமல் இரண்டு கதவில் இருந்தால் அது அச்சேதான்.

பிளைவுட்மேல் ஒட்டிய உண்மையான மரச்சீவல், அதாவது வெனீர், தனி இனம். அரை மில்லிமீட்டர்தான் கனம் இருக்கும். சுரண்டக் கூடாது என்ற பேச்சு மிகவும் பொருந்துவது இதற்குத்தான். மெஷின் வைத்துத் தேய்ப்பவர் ஒரு நிமிடம் அசந்தால் வெனீர் ஓட்டையாகி அடியிலுள்ள வெளுத்த பிளை எட்டிப்பார்க்கும். அதற்கு மருந்தே கிடையாது. 

தேக்கு அலமாரியிலும் சுரண்டாமலிருப்பதில் ஒரு லாபம் உண்டு. தேக்குக்குள் இயல்பாகவே ஒரு எண்ணெய்ப் பிசின் இருக்கிறது. செல் அரிக்காமல் அதைக் காப்பது அதுதான். ஆனால் எண்ணெய் வார்னிஷ் காய்வதைத் தாமதப்படுத்துவதும் அதுதான். பழைய பாலிஷ் அந்த எண்ணெயை மூடிவைத்திருக்கிறது. அதைத் திறந்துவிட்டால் மறுபடி மல்லுக்கட்ட வேண்டும். அதோடு, அரைகுறையாகச் சுரண்டிய மரத்தில் ரேகைப் பள்ளங்களில் பழைய பாலிஷ் தங்கிவிடும். அந்த இடங்கள் மட்டும் சாயம் குடிக்காமல் தேமல் மாதிரி நிற்கும். நன்றாகச் சுரண்டினால் நன்றாக வரும், மறுப்பில்லை. அரைகுறையாகச் சுரண்டுவது சுரண்டாமல் இருப்பதைவிட மோசம்.

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து வீடுகளில் பலாமர அலமாரிகளைப் பார்க்கலாம். பலா அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்து, வெளிச்சம் பட்டுப்பட்டுத் தானாகவே செம்பழுப்பாக மாறும் மரம். நாலைந்து வருடமே ஆன பலா அலமாரியை வைத்துக்கொண்டு ‘கலர் ஏத்தணும்’ என்று துடிப்பவர்கள் ஒன்று செய்யலாம்: சும்மா இருக்கலாம். அலமாரியின் உள்தட்டையும் முகப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தால் மரம் எவ்வளவு தூரம் தானே நடந்து வந்திருக்கிறது என்பது தெரியும்.

மேலே இருப்பது என்ன பாலிஷ்?

இதைக் கண்டுபிடிக்கப் பஞ்சு, பாலிஷ் கடையில் விற்கும் ஸ்பிரிட், என்.சி. தின்னர் மூன்றும் போதும். கதவின் உள்பக்கம், கீலுக்குக் கீழே, கண்ணில் படாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வைத்து எடுங்கள். அந்த இடம் இளகி, பஞ்சில் பழுப்பு ஒட்டினால் அது அரக்குப் பாலிஷ். தாத்தா காலத்துப் பெட்டகம், கண்ணாடி பீரோவெல்லாம் அநேகமாக இதுதான். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் என்.சி. லாக்கர். தின்னர் பட்டதும் தோல் சுருங்குவதுபோலச் சுருங்கினால் எண்ணெய் அல்லது சிந்தெடிக் வார்னிஷ். ‘டச்வுட்’ என்று பொதுப்பெயராகவே வழங்கும் வகையறா. இரண்டுக்கும் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தால் மெலமைன் அல்லது பி.யூ.

எதற்கு இந்த ஆராய்ச்சி? சுருங்கும் ரகத்தின் மேல் தின்னர் கலந்த எதைப் போட்டாலும் அடியிலிருந்து கொப்பளித்துக்கொண்டு வரும். கரையும் ரகத்தின் மேல் அதே கரைப்பானில் கலந்த பாலிஷைப் போட்டால் இரண்டும் ஒன்றாகக் கலந்து ஒட்டிக்கொள்ளும்; அது நல்ல செய்தி. அசையாத ரகத்தில் தாள் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால்தான் பிடிப்பு.

வேலையின் முக்கால்வாசி, கழுவுவது

நிறம் ஏற்றும் வேலை தோற்றுப்போகிற இடம் நிறத்தில் இல்லை, அழுக்கில். நம் சமையலறை அலமாரியின் மேல் என்னவெல்லாம் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்: வருடக்கணக்கில் தாளித்த எண்ணெய்ப் புகை, கைப்பிடியைச் சுற்றிக் கை எண்ணெய். பூஜை அலமாரியென்றால் சாம்பிராணி, கற்பூரக் கரி, விளக்கெண்ணெய். கூடத்து ஷோகேஸில் மாதாமாதம் பளபளப்புக்காக அடித்த ஸ்பிரே. அந்த ஸ்பிரேக்களில் பலவற்றில் சிலிக்கான் எண்ணெய் இருக்கும். அதன்மேல் பூசினால் பூச்சு மீன்கண்போல வட்டவட்டமாக விலகி நிற்கும்.

எங்கள் வீட்டில் பாட்டியின் மர அலமாரி ஒன்றுக்கு நானே வைத்தியம் பார்த்தேன். ஈரத்துணியில் ஒரு துடை, அவ்வளவுதான் என் சுத்தம். ஐப்பசி மழைக்காலம் வேறு. பூசிய நிறம் தீபாவளிக்கும் காயவில்லை, கார்த்திகைக்கும் காயவில்லை. கதவில் சாத்திவைத்திருந்த அன்றைய நாளிதழின் தலைப்புச் செய்தி அப்படியே தலைகீழாகப் பதிந்துவிட்டது. கடைசியில் டர்பன்டைன் போட்டுத் துடைத்தெடுத்தபோது பழைய எண்ணெய்ச் சிக்கும் சேர்ந்து வந்தது. அதன்பிறகு பூசியது நன்றாகவே நிற்கிறது.

முறை இதுதான். கைப்பிடி, கீல், பூட்டு எல்லாவற்றையும் கழற்றி, கதவுகளுக்கு உள்பக்கம் எண் போட்டு வையுங்கள். எந்தக் கதவு எங்கே என்பது மறுநாள் நினைவிருக்காது. பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்த வெந்நீரில் துணியைப் பிழிந்து துடைத்து, வெறும் தண்ணீரில் இன்னொரு முறை. அரக்குப் பாலிஷ் என்றால் சோடா உப்பு, அமோனியா கலந்தவை பக்கத்திலேயே வரக் கூடாது. காரத்தில் அரக்கு கரையும். நன்றாகக் காய்ந்ததும் டர்பன்டைனில் நனைத்த துணியால் மெழுகையும் எண்ணெயையும் எடுக்க வேண்டும். துணி கறுப்பாக வருவது நிற்கும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள்.

அதன்பிறகு 320 நம்பர் உப்புத்தாள். ‘சுரண்டாமல் என்று சொல்லிவிட்டு உப்புத்தாளா?’ என்று கேட்கலாம். சுரண்டுவது மரம் தெரியும்வரை போவது. இது பாலிஷின் பளபளப்பை மட்டும் மந்தமாக்குவது. கண்ணாடியில் மூச்சு விட்டதுபோலத் தெரிந்தால் போதும். ரேகை போகும் திசையில், கையால், ஒரு கதவுக்கு ஐந்து நிமிடம். மூலைகளிலும் விளிம்புகளிலும் பாதி அழுத்தம். அங்கேதான் பாலிஷ் மெல்லிசு, சீக்கிரம் மரம் வெளியே வந்துவிடும். வந்துவிட்ட இடம் மட்டும் சாயத்தைக் குடித்துக் கறுத்துப்போகும். தூளைத் துடைத்துவிட்டால் தயார்.

நிறம் ஏற்றும் வழிகள்

நம் ஊர் பாலிஷ்காரர்களின் கையில் ஏற்கெனவே இருக்கும் வழியிலிருந்து தொடங்கலாம். அரக்கு.

அரக்கு ஒரு பூச்சி தரும் பிசின். இலந்தை, புரசு முதலிய மரங்களின் கிளைகளில் கூட்டமாக ஒட்டி வாழும் சின்னப் பூச்சி; தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூடுதான் அரக்கு. ஜார்க்கண்டும் சத்தீஸ்கரும் இந்தியாவில் அதிகம் விளைவிக்கும் மாநிலங்கள். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924-லேயே இதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. புடவைக் கடையில் ‘அரக்குக் கலர்ல காட்டுங்க’ என்று கேட்கிறோமே, அந்தச் சிவப்பும் இந்தப் பூச்சி தந்த பெயர்தான். சாயத்தைக் கழுவி எடுத்தபின் மிஞ்சும் பிசினைத் தகடாக்கி உடைத்தால் தேன்நிறச் செதில். அதை ஸ்பிரிட்டில் கரைத்தால் பாலிஷ்.

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு சுமார் 200 கிராம் செதில், கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் ஜாடியில், ஓர் இரவு. இரும்பு டப்பா வேண்டாம், அரக்கு கறுக்கும். மறுநாள் துணியில் வடிகட்டி, இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்தால் அரக்கிலுள்ள மெழுகு அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு சின்னப் பொறுமை பின்னால் பெரிய உதவி: மெழுகுள்ள அரக்கின் மேல் பி.யூ. சரியாகப் பிடிக்காது, மெழுகு நீங்கிய அரக்கின் மேல் அநேகமாக எல்லாம் பிடிக்கும். அடியில் என்ன பாலிஷ் என்று சந்தேகமாக இருக்கும்போது நடுவில் ஒரு கை அரக்கு போட்டுவிடுவது சமாதானத் தூதர் வேலை பார்க்கும்.

இதில் ஸ்பிரிட்டில் கரையும் சாயப்பொடியைச் சிட்டிகைச் சிட்டிகையாகச் சேர்த்து, பழைய மல் வேட்டித்துணிக்குள் பஞ்சு வைத்துக் கட்டிய பொட்டலத்தால் இழுத்துக்கொண்டே போவதுதான் வேலை. ஒரு கை இழுத்து, காய்ந்ததும் அடுத்த கை. ஒவ்வொரு கையும் நிறத்தைத் துளித்துளியாக ஆழமாக்கும். வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் ஸ்பிரிட் தொட்டு எடுத்துவிடலாம். இந்தத் திரும்பிவரும் வசதி வேறு எந்த முறையிலும் இவ்வளவு சுலபமில்லை. அடியில் இருப்பதும் அரக்காக இருந்தால் மட்டும் எடுக்கும்போது அதுவும் சேர்ந்து வரும். பொட்டலத்தை ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ஒட்டும். பழகாத கை முதலில் ஒரு பலகையில் இழுத்துப் பார்ப்பது நல்லது.

அரக்கின் பலவீனமும் தெரிந்திருக்க வேண்டும். சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். 2020-ல் வீட்டுக்கு வீடு சானிடைசர் வந்தபோது, பழைய மேஜைகளில் அது சொட்டிய இடமெல்லாம் தழும்பு விழுந்திருக்கும். ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும் என்பதுதான் காரணம். ஆகவே சமையலறையில் அரக்கு நிறம் தரும் அடுக்காக மட்டும் இருக்கட்டும், மேலே வேறு காப்பு வேண்டும்.

இரண்டாவது வழி, கெட்டியான பசைபோல் வரும் ஜெல் ஸ்டெய்ன். வெளிநாடுகளில் சுரண்டாமல் நிறம் மாற்றுபவர்கள் பெரும்பாலும் நாடுவது இதைத்தான். சாதாரண ஸ்டெய்னர் மாதிரி இறங்காது, மேலேயே தங்கும். இங்கே எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் கைமருந்து ஒன்று உண்டு: நிறமற்ற எண்ணெய் வார்னிஷில் ஓவியர்கள் பயன்படுத்தும் ஆயில் கலர் டியூபைக் கொஞ்சம் பிதுக்கி, சில சொட்டு டர்பன்டைன் விட்டுக் குழைப்பது. ‘பர்ன்ட் அம்பர்’ என்ற நிறம் இதற்கு ஏற்றது. அம்பர் என்பது இரும்பும் மாங்கனீசும் கலந்த மண். பீங்கான்காரர்கள் பழுப்பு கிளேஸுக்குத் தேடும் அதே இரண்டு உலோகங்கள். நம் வீட்டு ஊறுகாய் ஜாடியின் பழுப்பும் இரும்பின் கைங்கரியம்தான். மண்நிறங்களுக்கு இன்னொரு குணம், வெயிலுக்கு வெளுக்காது. ஸ்பிரிட் சாயங்கள் பளிச்சென்று தெளிவாக இருக்கும், ஆனால் ஜன்னலோர அலமாரியில் சில வருடத்தில் மங்கலாம். மேற்கே பார்த்த ஜன்னல் என்றால் மண்நிறமே உத்தமம்.

துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவி, ரேகைப் போக்கிலேயே காய்ந்த தூரிகையால் ஒருமுறை இழுத்துச் சமப்படுத்தி, ஒரு முழு நாள் விட்டுவிட வேண்டும். மறுநாள் நகத்தால் அழுத்தினால் பதியக் கூடாது. பதிந்தால் இன்னும் ஒரு நாள். இரண்டு கை போதும். மூன்றாவது கையிலேயே ரேகை மறையத் தொடங்கி, மரம் பெயின்ட் அடித்த பலகையாகிவிடும்.

மூன்றாவது வழி கண் பட்டால் அழகு, கை பட்டால் கஷ்டம். நிறமற்ற லாக்கரிலோ பி.யூ.விலோ சாயம் கலந்து ஸ்பிரே கன்னில் மூடுபனிபோல அடிப்பது. தூரிகையில் செய்தால் கோடுகோடாகத் தெரியும். ஆகவே இது பட்டறைக்காரர் வேலை. அதுவும் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யூ. என்றால், அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பதம்பார்க்கும். துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்பதெல்லாம் பாதுகாப்பே இல்லை. வீட்டுக்குள் அடிக்கிறேன் என்று யாராவது சொன்னால், கதவுகளைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

எந்த வழியிலும் ஒரு விதி மாறாது: ஆழமாக்கலாம், வெளிறச் செய்ய முடியாது. மேலே போடும் நிறம் கூலிங் கிளாஸ் மாதிரி. அடியிலிருக்கும் தேன்நிறம் அதன் வழியாகத் தெரிந்துகொண்டேதான் இருக்கும். ஆரஞ்சு ஓடும் பழைய பாலிஷ் மேல் சிவப்புக் கலந்த பழுப்பைப் போட்டால் செங்கல் நிறமாகிவிடும். ரோஸ்வுட் கலர் வேண்டும் என்று கேட்டவர்கள் கடைசியில் செங்கல்லோடு வாழ்வது இப்படித்தான். சிவப்பில்லாத பழுப்பில் ஒரு துளி கறுப்பு சேர்த்தால் ஆரஞ்சு அடங்கும்.

டிகாஷனும் தேங்காயெண்ணெயும்

காபி டிகாஷன் பூசினால் மரம் கறுக்கும், வினிகரில் இரும்பு நாரை ஊறவைத்துப் பூசினால் கறுக்கும் என்று காணொளிகள் சுற்றுகின்றன. பொய்யில்லை, ஆனால் பச்சை மரத்தில்தான். இரும்புத் தண்ணீர் மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கறுப்பாகிறது. நடுவில் பாலிஷ் இருந்தால் இரண்டும் சந்திக்கவே வழியில்லை. தேங்காயெண்ணெய் தடவினால் உடனே ஆழமாகத் தெரியும். நாலு நாளில் தூசி அப்பி, பிறகு எந்தப் பாலிஷும் ஒட்டாத நிலைக்குக் கொண்டுவிடும். வாசல் கதவுக்கு வண்டியின் வேஸ்ட் ஆயிலை அடிக்கும் பழக்கத்தைச் சாப்பாட்டுச் சாமான் வைக்கும் அலமாரிக்குக் கொண்டுவருவது பற்றிப் பேசவே வேண்டாம்.

மேல்காப்பும் காலநிலையும்

நிறம் காய்ந்ததும் நிறமற்ற வார்னிஷ் இரண்டு கை. கைப்பிடியைச் சுற்றி, சிங்க்குக்குக் கீழே உள்ள கதவுகளின் அடி விளிம்பு, இழுப்பறையின் மேல் ஓரம் ஆகிய மூன்று இடத்துக்கும் மூன்றாவது கை. நிறம் முதலில் தேய்வது அங்கேதான், தங்கக்கோடு போவதைப் போல. ஆயில் கலர் போட்டிருந்தால் மேலே எண்ணெய் வார்னிஷ்; அரக்கு போட்டிருந்தால் ஸ்பிரிட் கலந்த எதையும் தூரிகையால் அடிக்கக் கூடாது, போட்ட நிறத்தை அது மறுபடி கரைத்து இழுத்துக்கொண்டு போகும்.

கடலோர மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை இந்த வேலைக்கு ஆகாத மாதங்கள். காற்றின் ஈரம் பட்டு அரக்கும் லாக்கரும் பால் விட்டதுபோல வெளுக்கும். சித்திரை வெயிலில் எதிர்த்தொல்லை: இழுத்து முடிப்பதற்குள் காய்ந்து கோடு விழும். தை, மாசி உத்தமம். கோடையில்தான் முடியும் என்றால் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

பாரதத்தில் பாண்டவர்களுக்கு ஏன் அரக்கில் மாளிகை கட்டினார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அரக்கு எரியும், ஸ்பிரிட்டும் தின்னரும் இன்னும் வேகமாக எரியும். அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் அந்த அறையில் கூடாது. பலருக்குத் தெரியாத ஆபத்து, எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணி. அந்த எண்ணெய் காய்வதே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான். அப்போது சூடு பிறக்கும். துணியைக் கசக்கி மூலையில் குவித்தால் சூடு வெளியேற முடியாமல் ஏறிக்கொண்டே போய், தீப்பொறி எதுவும் இல்லாமலே பற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு துணியையும் வெளியில் கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவிட்டபிறகு எறியுங்கள்.

பாலிஷ் ஸ்பிரிட் குடித்தால் உயிர்போகும் விஷம்; அதில் மெத்தனால் இருக்கலாம். பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்தது சாராயத்தில் கலந்த மெத்தனால்தான். மீந்துபோன ஸ்பிரிட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. வேண்டாம்.

பழைய அலமாரியில் எங்காவது பெயின்ட் அடித்திருந்தால் அதைக் காய்ந்த தாளால் தேய்க்கும் முன் யோசியுங்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் தூள் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பறக்கக் கூடாது. சுரண்டாமல் செய்வதற்கு இதுவும் ஒரு நியாயம்.

சுரண்டியே ஆக வேண்டிய அலமாரி

சில இடங்களில் பாலிஷ்காரர் சொல்வதுதான் முழுக்கச் சரி. பழைய பாலிஷ் செதிள்செதிளாக உரிகிறதா, முதலைத்தோல் மாதிரி வெடித்திருக்கிறதா, தண்ணீர் இறங்கி மரம் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். செலோடேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று பிய்த்து எடுங்கள். பாலிஷும் கூடவே வந்தால் அதன்மேல் எதைப் போட்டாலும் அதோடு சேர்ந்து உதிரும். அதேபோல் அடர்நிறத்திலிருந்து வெளிர்நிறத்துக்கு வர நினைப்பவர்களுக்கும் சுரண்டலைத் தவிர வேறு கதியில்லை.

செலோடேப்பில் எதுவும் வரவில்லை என்றால் வேலையைப் பேச ஆரம்பிக்கலாம். பாலிஷ்காரர் வந்ததும் கூலி பேசுவதற்கு முன், “அண்ணே, ஒரு கதவோட உள்பக்கம் மட்டும் தேய்ச்சு, கலர் ஏத்தி, மேல வார்னிஷும் போட்டுக் காட்டுங்க. அதுக்கான கூலிய தனியா தந்துடறேன்” என்று கேளுங்கள். காய்ந்தபின் அதே செலோடேப்பை இதிலும் ஒட்டிப் பிய்த்துப் பாருங்கள். பிறகு அந்தக் கதவை ஒருமுறை டியூப்லைட் அடியிலும் ஒருமுறை காலை வெயிலிலும் நிறுத்திப் பார்த்து, அலமாரி எந்த வெளிச்சத்தில் நிற்கப்போகிறதோ அதில் பிடித்திருந்தால் மற்ற கதவுகளைக் கழற்றச் சொல்லலாம்.